உடம்புக்குள் ஒரு தூளி

அறுபத்தாறோ அறுபத்தேழோ, வருஷம் சரியாக நினைவில்லை. ஆடி அமாவாசை என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. செஞ்சியிலிருந்து மேல்மலையனூருக்குப் போகிற ஸ்பெஷல் பஸ்ஸில், ஆறு வயது மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காலை நேரம்தான். ஆனால் பஸ்ஸுக்குள் மூச்சுவிட இடமில்லாத கூட்டம். என் கணவர் எங்கள் சீட்டை ஒட்டி, மேலே கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டு வந்தார்.

அந்தப் பயணத்தில் நடந்ததைச் சொல்வதற்கு முன்னால், அதற்கு முந்தைய மூன்று வருஷத்தைச் சொல்லியாக வேண்டும்.

என் கணவருக்கு செஞ்சி கடைத்தெருவில் ஒரு சின்னக் கடை. ரிப்பன், பாவாடை நாடா, ஊக்கு, பொத்தான், நூல்கண்டு இவைதான் வியாபாரம். நாடாவை விரலால் தடவிப் பார்த்தே இது எத்தனை துவைக்குத் தாங்கும் என்று சொல்லிவிடுவார். வேடிக்கையாகப் பேசுகிற மனிதர். கடைக்கு வருகிற பெண்கள் பொத்தான் வாங்க வந்தார்களா, அவர் பேச்சைக் கேட்க வந்தார்களா என்று தெரியாது. கல்யாணமான புதிதில் அவர் சாப்பிட உட்கார்ந்தால், அன்றைக்குக் கடையில் நடந்ததைச் சொல்லிச் சொல்லி என்னைச் சிரிக்க வைப்பார். பக்கத்து வீட்டு பாய் வீட்டுப் பெண்கள், "இன்னா, இன்னிக்கும் உங்க வூட்ல சினிமாவா?" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்பார்கள்.

முதலில் மகள் பிறந்தாள். மூன்று வருஷம் கழித்து மகன். அவனைப் பெற்றெடுக்க ஒன்றரை நாள் ஆனது. பெரிய தலை, நல்ல கனம். மருத்துவச்சி வேர்த்து விறுவிறுத்துப் போனாள். பிள்ளை நன்றாகப் பிறந்தான். ஆனால் என் உடம்பு பழைய உடம்பாக இல்லை.

தும்மினால் புடவை நனைந்தது. இருமினால் நனைந்தது. தெருக் குழாயில் தண்ணீர் பிடித்துக் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைக்கும்போது நனைந்தது. பச்சையுடம்புக்காரிக்கு இதெல்லாம் சகஜம், சரியாகிவிடும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஒரு வருஷமாயிற்று, இரண்டு வருஷமாயிற்று. சரியாகவில்லை. பழைய வேட்டியைக் கிழித்து நாலாக மடித்து வைத்துக்கொள்ளப் பழகினேன். வெளிர் நிறப் புடவைகளைப் பெட்டிக்குள் போட்டுவிட்டேன். வெளியே போக வேண்டுமென்றால் முதல்நாள் மத்தியானத்திலிருந்தே தண்ணீர் குடிக்கமாட்டேன். கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றுக்கும் தலைவலி என்று சொல்லிவிடுவேன்.

எல்லாவற்றையும்விடக் கொடுமை, சிரிக்கப் பயமாக இருந்தது. அவர் வேடிக்கையாகப் பேச ஆரம்பித்தாலே நான் அடுக்களைக்குள் போய்விடுவேன். அவர் பாதியில் நிறுத்திவிடுவார். கொஞ்ச நாளில் பேசுவதையே குறைத்துக்கொண்டார். "எங்க கூப்ட்டாலும் வரமாட்டன்ற. நான் பேசினாலும் எழுந்து போயிடற. எம்மேல இன்னா கோவம் உனக்கு?" என்று ஒருநாள் கேட்டார். கோபமெல்லாம் இல்லை என்றேன். வேறென்ன என்று சொல்ல வாய் வரவில்லை. கட்டின புருஷனிடம்கூடச் சொல்ல முடியாத அசிங்கமாகத்தான் அது எனக்குத் தோன்றியது.

மகனுக்கு அம்மை போட்டிருந்தபோது என் கணவர் மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு வேண்டிக்கொண்டிருந்தார். அதற்காகத்தான் அந்த ஆடி அமாவாசைப் பயணம். மகனை நாத்தனாரிடம் விட்டுவிட்டு மகளை மட்டும் கூட்டிக்கொண்டு கிளம்பினோம். சாமி காரியம் என்பதால் என்னால் தலைவலி என்று சொல்ல முடியவில்லை.

பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் ஒரு மோர்க்காரம்மா உட்கார்ந்திருந்தாள். சிங்கவரத்துக்காரி. என்னைவிடப் பத்து வயது மூத்தவளாக இருப்பாள். திருவிழாக் கூட்டத்தில் விற்பதற்காக, ஒரு பெரிய மண்பானை நிறைய மோரைத் துணியால் வாய்கட்டி, முழங்கால்களுக்கு நடுவில் அணைத்துப் பிடித்திருந்தாள்.

பாதி வழியில் பஸ் ஒரு பெரிய பள்ளத்தில் இறங்கி ஏறியது. அதே சமயம் ஜன்னல் வழியாகப் புழுதி வந்து முகத்தில் அடித்தது. எனக்குத் தும்மல் வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, அடுக்கடுக்காக. மடியில் மகள் வேறு கனத்துக்கொண்டிருந்தாள். அடக்க முடியவில்லை. வைத்திருந்த துணி போதவில்லை. என் புடவை நனைந்து, அவள் பாவாடை நனைந்து, சீட்டிலிருந்து கீழே சொட்டியது.

நின்றுகொண்டிருந்த ஒரு ஆள் காலைத் தூக்கிக்கொண்டு, "இன்னாம்மா, புள்ள மூத்திரம் வுட்டுடுச்சு போலக்குது. காலெல்லாம் ஈரம்" என்றார். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

என் கணவருக்கு முகம் சிவந்துவிட்டது. "ஆறு வயசாவுது. வாயத் தொறந்து சொல்லத் தெரியாது?" என்று மகளின் தொடையில் ஓர் அடி வைத்தார்.

"நான் இல்ல நைனா! நான் போவல!" என்று அவள் அலறினாள்.

"பொய் வேற சொல்றியா?" என்று இன்னொரு அடி.

அப்போதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அல்லது சும்மாவாவது இருந்திருக்கலாம். ஆனால் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வுடுங்க. தெரியாம பண்ணிட்டா" என்றேன்.

மகள் அழுகையை நிறுத்திவிட்டு என் முகத்தை அண்ணாந்து பார்த்தாள். அவளுக்குத் தெரியும், அவள் செய்யவில்லை என்று. நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்றுதான் தெரியவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் அழவே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மேல்மலையனூர் வந்தது. எல்லாரும் எழுந்தார்கள். நான் எழுந்தால் பின்பக்கம் முழுக்கத் தெரியும். பிள்ளை செய்ததாகச் சொல்லிவிட்டு, என் புடவை பின்னால் அப்படி நனைந்திருந்தால் பார்க்கிறவர்களுக்குப் புரியாதா? எழுந்திருக்காமல் உட்கார்ந்தே இருந்தேன்.

பக்கத்தில் இருந்த மோர்க்காரம்மா பானையின் துணியை அவிழ்த்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். அப்படியே பானையை என் மேல் சாய்த்தாள்.

"அய்யய்யோ, எம் மோரு போச்சே! தங்கச்சி, உன் பொடவையெல்லாம் பாழாப் பூட்டுதே!" என்று பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி கூச்சல் போட்டாள். இடுப்பிலிருந்து பாதம் வரை எனக்கு மோர். சீட்டெல்லாம் மோர். கண்டக்டர் ஓடிவந்து, "பாத்து எடுக்க மாட்டியா? வண்டியே நாறப் போவுது" என்று அவளைத் திட்டினார். அவள் தலையைக் குனிந்து அத்தனை திட்டையும் வாங்கிக்கொண்டாள். "பாவம் அந்தம்மா, கோயிலுக்கு வந்த எடத்துல" என்று சனங்கள் எனக்காகப் பரிதாபப்பட்டார்கள்.

அவளே என் கையைப் பிடித்து இறக்கி, ஒரு சத்திரத்தின் பின்பக்கம் இருந்த அடிகுழாய்க்குக் கூட்டிப்போனாள். கணவரும் மகளும் தள்ளி ஒரு வேப்பமரத்தடியில் நின்றார்கள். மோர்க்காரம்மா குழாயை அடித்தாள். நான் புடவையை அலசினேன். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அழுவாத. எனக்கும் இருக்குது தங்கச்சி. நாலாவது புள்ளைக்கு அப்புறம் வந்தது. அதான் நீ தும்முனதுமே தெரிஞ்சிடுச்சு" என்றாள். பிறகு கொஞ்சம் சிரித்துக்கொண்டே, "மோர்க்காரி பொடவ எப்பவும் ஈரந்தான். யாரும் இன்னா ஏதுன்னு கேக்கமாட்டாங்க" என்றாள்.

அன்றைக்கு விற்க வேண்டிய மோர் முழுவதையும் எனக்காகக் கொட்டிவிட்டாளே என்று, நான் முந்தானை முடிச்சை அவிழ்க்கப் போனேன். கையைப் பிடித்துத் தடுத்துவிட்டாள்.

"அத்த வுடு. அந்தப் புள்ள ரெண்டு அடி வாங்கிச்சே, அது யாரு வாங்க வேண்டிய அடி?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டாள். கேட்டுவிட்டுக் காலிப் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டாள். எனக்கு யாரோ நடுமண்டையில் குட்டின மாதிரி இருந்தது.

நேராக வேப்பமரத்தடிக்குப் போனேன். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்லமாட்டேன் என்று தெரிந்தது. கணவரிடம் சொன்னேன். மகன் பிறந்ததிலிருந்து இப்படித்தான், தும்மினாலும் சிரித்தாலும் கட்டுப்படவில்லை, பஸ்ஸில் செய்தது நான்தான் என்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். கோயில் பக்கம் பம்பைச் சத்தம் காதைப் பிளந்தது. நான் சொன்னது அவர் காதில் விழுந்ததா என்றுகூடச் சந்தேகமாக இருந்தது.

"சிரிச்சாலுமா?" என்றார்.

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"அதான் எழுந்து எழுந்து போனியா?" என்றவர், வேட்டியை மடித்துக்கொண்டு மகள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "நைனா தெரியாம அடிச்சிட்டேன்மா. நீ சொன்னது நெஜம்" என்றார். அந்தக் காலத்தில் பெற்ற பிள்ளையிடம் அப்படிச் சொன்ன தகப்பனை நான் பார்த்ததில்லை.

நானும் அவளிடம் சொன்னேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, அந்தத் தெருவுக்கே கேட்கிற மாதிரி, "அப்ப நீயாம்மா பண்ண? பெரியவங்களுக்கும் வருமா?" என்றாள். அவர் அவசரமாக அவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு பஞ்சுமிட்டாய் வாங்கித்தரப் போனார்.

அடுத்த வாரமே பாண்டிச்சேரிக்குக் கிளம்பினோம். அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பெண்களுக்கென்று ஒரு டாக்டரம்மா இருப்பதாக யாரோ சொல்லியிருந்தார்கள். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். அதற்கு அவசியமே வரவில்லை. அந்தம்மாவே கேட்டார். இருமினால் வருகிறதா? பாரம் தூக்கினால்? படுத்திருக்கும்போது வருகிறதா, நிற்கும்போது மட்டுமா? என் மூன்று வருஷ ரகசியம் அவருக்குப் பாடப் புத்தகத்தில் இருக்கிற பக்கம் போல இருந்தது. அதைக் கேட்டதுமே பாதி நோய் போன மாதிரி எனக்கு ஒரு நிம்மதி.

முதலில் ஆபரேஷன் இல்லை. மூத்திரத்தை அடக்குகிற மாதிரி கீழ்ச்சதையை இறுக்கிப் பிடித்து விடச் சொன்னார். ஒரு நாளைக்கு இத்தனை தடவை என்று கணக்கு. நாலு மாசம் விடாமல் செய்தேன். கொஞ்சம் குறைந்ததே தவிர நிற்கவில்லை. மறுபடி போனபோது பரிசோதித்துப் பார்த்துவிட்டு, பிரசவத்தில் தாங்குசதை ரொம்பக் கிழிந்துபோயிருக்கிறது, வெறும் தையல் போட்டால் நிற்காது என்றார்.

"மூத்திரப் பையோட கழுத்து கீழ எறங்கிப் போச்சும்மா. அதுக்கு அடியில ஒரு தூளி கட்டித் தாங்கிப் பிடிக்கணும். கொழந்தைக்குக் கட்டற தூளி மாதிரியேதான்" என்றார். இந்த ஆபரேஷனை அதிகம் செய்ததில்லை, விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

ஊருக்குத் திரும்பினோம். மறுநாள் என் கணவர் கடையைப் பூட்டிக்கொண்டு உள்ளே என்னவோ தேடிக்கொண்டிருந்தார். ஆபரேஷனுக்குச் சேர்க்கப் போன அன்றைக்குத்தான் தெரிந்தது. டாக்டரம்மா முன்னால் ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்து வைத்தார். உள்ளே வெள்ளை வெளேரென்று நைலான் நாடா.

"மெட்ராஸ்லேர்ந்து வந்த சரக்குங்கம்மா. இழுத்தா அறாது, தண்ணியில ஊறினா இத்துப் போவாது. தூளிக்கு இதையே வெச்சுக் கட்டிடுங்க" என்றார்.

எனக்கு மானமே போய்விட்டது. பக்கத்தில் நின்ற நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை. நாடாவைக் கையில் எடுத்து, இரண்டு முனையையும் பிடித்து இழுத்துப் பார்த்தார்.

"நல்ல சரக்குதான். வெளிநாட்டுல சில டாக்டருங்க நைலானை வெச்சும் கட்டிப் பாக்கறாங்க. ஆனா வெளிய இருந்து வெக்கற பொருளை ஒடம்பு சில பேருக்கு ஏத்துக்காது. சீழ் புடிக்கும். நாள்பட நாள்பட அது சதைய அறுத்துக்கிட்டு வெளிய வந்துடும். அப்புறம் இருக்கிறதும் கெட்டுப்போகும்" என்றார்.

"அப்ப எதுல கட்டுவீங்க?"

"இவங்க வயித்துலயே இருக்குது. தசைக்கு மேல வெள்ளையா, கெட்டியா ஒரு சவ்வு. அதுல ரெண்டு விரல்கூட அகலம் இருக்காது, ஒரு பட்டை எடுத்துக் கட்டுவேன். சொந்த ஒடம்பு, அது விரோதம் பண்ணாது."

என் கணவர் விடவில்லை. எவ்வளவு இறுக்கமாகக் கட்டுவீர்கள் என்று கேட்டார். அதுதான் இருக்கிறதிலேயே கஷ்டமான இடம் என்றார் டாக்டரம்மா. இறுக்கிவிட்டால் மூத்திரமே போகாது, தளர்த்திவிட்டால் கட்டியும் பிரயோசனம் இல்லை.

"பாவாட நாடா கணக்குதான்" என்றார் என் கணவர், மெதுவாக. அப்போதுதான் டாக்டரம்மா சிரித்தார்.

முதுகில் ஊசி போட்டு ஆபரேஷன் நடந்தது. வலி தெரியவில்லை. கீழே என்னவோ இழுக்கிறார்கள், தைக்கிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு அங்காளம்மா, அங்காளம்மா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு மூத்திரம் போக ஒரு ரப்பர் குழாயோடு பல நாள் படுக்கையில் இருந்தேன்.

குழாயை எடுத்த அன்றைக்குத்தான் பயமே ஆரம்பித்தது. மூத்திரம் வரவில்லை. வயிறு கல்லாக வீங்கிவிட்டது. மறுபடி குழாய். மூன்று நாள் கழித்து எடுத்தார்கள். மறுபடி வரவில்லை. மறுபடி குழாய். டாக்டரம்மா முகத்திலும் கவலை தெரிந்தது. இன்னும் ஒரு வாரம் பார்ப்போம், இல்லையென்றால் கட்டைத் தளர்த்த வேண்டியிருக்கும் என்றார். சிந்திக்கொண்டே இருந்தவள் இப்போது ஒரு சொட்டுக்குத் தவித்தேன். இதற்குப் பதில் பழையபடியே இருந்திருக்கலாமோ என்று என் கணவரிடம் சொல்லி அழுதேன். அவர் என் கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டு பாதத்தைப் பிடித்துவிட்டார்.

மூன்றாவது தடவை குழாயை எடுத்துவிட்டு நர்ஸ் என்னைக் கழிப்பறையில் உட்கார வைத்து, பக்கத்திலிருந்த பைப்பைத் திறந்துவிட்டுப் போனாள். தண்ணீர் ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். முதலில் சொட்டுச் சொட்டாக வந்தது. அப்புறம் நூல் போல. அப்புறம் நின்று நிதானமாக வந்தது. வெளியே வந்து நர்ஸிடம் சொன்னேன். அவள் வராந்தாவில் நின்ற என் கணவரிடம், "ஒண்ணுக்குப் பூட்டாங்க!" என்று கத்தினாள். ஏதோ பரீட்சையில் நான் பாஸ் ஆனது போல அவர் எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டார்.

மறுநாள் டாக்டரம்மா என்னை நிற்க வைத்து இருமச் சொன்னார். பயந்துகொண்டே இருமினேன். "நல்லா இருமும்மா" என்றார். நன்றாக இருமினேன். குனிந்து பார்த்தேன். காலுக்கடியில் சிமெண்ட் தரை காய்ந்து கிடந்தது.

மூன்று மாசத்துக்குப் பாரம் தூக்கக் கூடாது என்று உத்தரவு. எங்கள் தெருவில் அதுவரை ஆண்பிள்ளை யாரும் குழாயடிக்குக் குடம் எடுத்துப் போனதில்லை. இவர் போனார். காலையில் கடை திறக்கிறதுக்கு முன்னால் பெண்களோடு பெண்ணாக வரிசையில் நிற்பார். "இன்னா நாடாக்காரரே, கொடத்த இடுப்புல வெக்க வருதா?" என்று கிண்டல் செய்வார்கள். "பழகிட்டேங்க. அடுத்து கோலம் போடக் கத்துக்கப் போறேன்" என்பார். உள்ளே இருந்து அதைக் கேட்டு நான் சிரிப்பேன். வயிற்றுத் தையல் வலிக்கும். வேறொன்றும் ஆகாது. இப்போது நினைத்தாலும் அந்த மூன்று மாசம்தான் எங்கள் வாழ்க்கையிலேயே நல்ல காலம் என்று தோன்றும். கோட்டைப் பக்கமிருந்து காற்று வரும். அவர் தண்ணீரைத் தவலையில் ஊற்றிக்கொண்டே ஏதாவது பேசுவார்.

நடக்கத் தெம்பு வந்ததும் சிங்கவரத்துக்குப் போய் அந்த மோர்க்காரம்மாவைத் தேடிக் கண்டுபிடித்தேன். என் வயிற்றுத் தழும்பைக் காட்டினேன். விரலை வைத்துத் தொட்டுப் பார்த்தாள். அவளையும் பாண்டிச்சேரிக்குக் கூட்டிப்போனேன். அவளுக்கு என் அளவுக்கு மோசமில்லை. சதையை இறுக்கிப் பிடிக்கிற பயிற்சியிலேயே பாதிக்குமேல் குறைந்துவிட்டது. "பாதி கொறஞ்சதே போதும் தங்கச்சி. மீதிக்குத்தான் மோரு இருக்குதே" என்றாள்.

இப்போது அவளும் இல்லை, என் கணவரும் இல்லை. மகளுக்கே பேரன் பேத்தி எடுக்கிற வயதாகிவிட்டது. ஒருநாள் அவளிடம் அந்த பஸ் சமாசாரத்தைக் கேட்டேன். பஞ்சுமிட்டாய் சாப்பிட்டது ஞாபகம் இருக்கிறது, அடி வாங்கியது சுத்தமாக ஞாபகம் இல்லை என்றாள். எனக்கு மட்டும் அவள் அண்ணாந்து பார்த்த முகம் அப்படியே இருக்கிறது.

பிறகு எத்தனையோ பெண்களிடம் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். குழாயடியில், கல்யாண வீட்டில், ஆஸ்பத்திரி வராந்தாவில். அசிங்கம் என்று முகம் சுளிப்பார்களோ என்று பயந்து மூன்று வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்; சொல்ல ஆரம்பித்த இத்தனை வருஷத்தில் ஒருத்திகூட முகம் சுளித்ததில்லை, பலபேர் இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.